தகரத்துக்குள் இருந்தவர்

என் கணவரின் புகைப்படம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. எங்களுக்குக் கல்யாணமானபோது மீஞ்சூரில் படம் பிடிக்கிற கடை இல்லை. பட்டணத்துக்குப் போகிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அதற்குள் அவர் சினிமாவிலேயே நடித்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் நிறைய நேரம் வருகிறார். நடக்கிறார், பாரம் தூக்குகிறார், கதாநாயகியைக் காப்பாற்றுகிறார், கடைசியில் செத்தும் போகிறார். ஆனால் முகம் தெரியாது. அவர் நடித்தது இரும்பு மனிதனாக.

அவர் அத்திப்பட்டு உப்பளத்தில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கிறிஸ்தவ சபையிலேயே அவ்வளவு உயரமான ஆள் வேறு யாரும் இல்லை. உப்புப் பாத்திகளுக்கு நடுவில் இருக்கிற வரப்பு ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்து தலையில் கூடையோடு அதன்மேல் நடந்து பழகியவர் என்பதால், தார் ரோட்டிலும் ஒரு காலுக்கு நேர் எதிரே அடுத்த காலை வைத்துத்தான் நடப்பார். கல்யாணமான புதிதில் அந்த நடையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் திருவள்ளூரில் மிஷன் போர்டிங்கில் தங்கி ஆசிரியப் பயிற்சி முடித்தவள். மீஞ்சூரில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குச் சாந்து பூசுகிற வேலையில் இருந்தார். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடந்தபோது, மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று அவர்தான் இவரைக் கூட்டிப்போனார். அங்கே அப்போது ஒரு பெரிய படம் ஆரம்பித்திருந்தார்கள். வருங்காலத்தில் ஒரு நகரம். அங்கே எல்லா வேலைகளையும் இயந்திர மனிதர்கள் செய்வார்கள். அந்த மாதிரிக் கதையை நம் பக்கத்தில் யாரும் அதுவரை தொட்டதில்லை. இரும்பு மனிதன் வேஷத்துக்கு உயரமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் மூட்டை தூக்கிக்கொண்டு போன இவரைப் பார்த்துவிட்டார்கள்.

அதன்பிறகு பல மாதம் ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தார். தகரத்தைத் தட்டி அங்கி மாதிரி செய்து, உள்ளே தோல் வார் போட்டு முதுகில் இறுக்குவார்களாம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். வார் அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருக்கும். நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கதை கேட்பேன்.

"உள்ளருந்து பாத்தா கண்ணு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது. நேரா வா, நில்லு, கைய தூக்குன்னு கத்துவாங்க. அத கேட்டுக்கினு நடக்கறதுதான்."

"பயமா இல்லியா உனுக்கு?"

"பயமெல்லாம் இல்ல. தலைய மூடிட்டா நம்ம மூச்சு நமக்கே கேக்குது. வெளியில அத்தினி பேரு இருக்கறாங்க, ஆனா யாருமே இல்லாத மாதிரி இருக்குது. அது ஒண்ணுதான் பேஜாரு."

படத்தில் இரும்பு மனிதர்கள் கும்பல் கும்பலாக அணிவகுத்துப் போகிற காட்சி உண்டு. தகர அங்கிகள் கொஞ்சம்தான் இருந்தன என்பதால் அதே ஆட்கள் திரைக்குப் பின்னால் ஓடி வந்து திரும்பவும் வரிசையில் சேர்ந்துகொள்வார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் சாயங்காலம் வாசலிலேயே நின்று, "இன்னிக்கு மூஞ்சிய காட்டிட்டேம்மே" என்றார். கதை முடிகிற இடத்தில், உலைத்தீயில் வெந்து விழுந்து கிடக்கிற இரும்பு மனிதனின் தலையை, அவனைச் செய்த விஞ்ஞானி கழற்றுவார். அங்கே ஒரு கணம் மனித முகம் தெரியும். அது விஞ்ஞானியின் மனப்பிரமையா, நிஜமா என்று சொல்லாமல் விட்டுவிடுவார்களாம். அந்த முகம் இவருடைய முகம்.

"படம் வந்தா மொதோ நாளே பட்டணத்துக்குப் போயி பாக்கணும்" என்றேன்.

"டிக்கெட்டு கிடைக்காது பாரு" என்றார்.

படம் நின்று நின்று வளர்ந்தது. அந்த ஐப்பசியில் அவருக்கு விஷஜுரம் கண்டது. நல்ல மழை. மீஞ்சூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன். படம் அதற்கப்புறம்தான் முடிந்தது.

மீஞ்சூரில் இருக்க முடியவில்லை. மாற்றல் கேட்டு கும்மிடிப்பூண்டி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பழவேற்காட்டிலிருந்து வந்து கருவாடு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் வீட்டின் பக்கவாட்டு அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தது. வீட்டுக்காரர் பாதி நாள் ஊர் ஊராகப் போய்விடுவார். வீட்டுக்கார அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் நாங்கள் ரொம்பப் பேசிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது என்பது எனக்குக் கைவரவே இல்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சும். காலையில் அதையே தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு நோட்டீஸ் போட்டுப் போனார்கள். ஊருக்கு வெளியே டெண்ட் கொட்டகையில் புதுப் படம். பிள்ளைகள் பொறுக்கி வந்த நோட்டீஸில் சதுரத் தலையும் மார்பில் விளக்கும் கொண்ட இரும்பு மனிதன் நின்றிருந்தான். பட்டணத்தில் அந்தப் படம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவே தெரியாது. செய்தி சொல்ல யாரும் இல்லை.

மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சினிமாவுக்குப் போகக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதிலும் நான் வெள்ளைச் சேலைக்காரி. மறுநாள் முதல் ஆட்டத்துக்கு, முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

பெண்கள் பக்கம் மண்சுவர் வைத்துத் தடுத்திருந்தது. மணலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நாற்று நடவு முடித்துவிட்டு நேராக வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. விளக்கை அணைத்தார்கள்.

முதலில் அந்த நகரம் வந்தது. வானத்தைத் தொடுகிற மாளிகைகள், கண்ணாடிப் பாலங்கள், நடுவில் பறந்து போகிற வண்டிகள். கொட்டகையே வாயடைத்துப் போயிற்று. பாலம் அட்டை என்றும், கீழே ஓடும் ஆறு வழவழப்புக் காகிதம் என்றும் என் கணவர் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க நம் ஆட்களுக்கும் ஆசை வந்ததே என்று பெருமையாக இருந்தது.

பிறகு கதை இழுத்தது. இடையிடையே ஹாஸ்யம், இரண்டு தோட்டத்துப் பாட்டு. இரும்பு மனிதன் ஏர் உழுதான், கதிர் அறுத்தான், துணி துவைத்தான். அதைப் பார்த்து நகரத்துப் பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். அதுவரை உழுதவர்களும் துவைத்தவர்களும் எங்கே போனார்கள் என்று படம் சொல்லவே இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண் அடுத்தவளிடம் கேட்டாள்: "கதிர அது அறுத்துட்டா நமக்கு இன்னாடி வேல?" அவள், "குந்திக்கினு சினிமா பாக்கறதுதான்" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. என் அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து நின்றவள். இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டியவர்கள் அவளை நிற்கவைக்க அதில் ஒரு மூலைகூட வைக்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

இதற்கு நடுவில் நான் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். இரும்பு மனிதன் முதன்முதலாக எழுந்து நடந்ததும் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஒரு காலுக்கு நேர் எதிரே மறு காலை வைத்து, கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி அந்தத் தகர உருவம் வந்தது. இயந்திரம் அப்படித்தான் நடக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது அத்திப்பட்டு வரப்பு என்று தெரியும். பேச்சு வேறு யாருடைய குரலோ, கட்டையான குரல். காதைப் பொத்திக்கொண்டு கால்களை மட்டும் பார்த்தேன். அணிவகுப்புக் காட்சியில் அத்தனை தகரங்களுக்கு நடுவிலும் அவரைக் கண்டுபிடித்தேன். போய்விட்டு மறுபடி மறுபடி வந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். யாரிடம் சொல்வது?

கடைசிக் காட்சி வந்தது. வில்லன் முடுக்கிவிட்ட இயந்திரங்கள் ஊரை அழிக்கின்றன. நல்ல இரும்பு மனிதன் கதாநாயகியைத் தூக்கி வெளியே விட்டுவிட்டுத் தானே உலைக்குள் போகிறான். விசில் பறந்தது. கரி பிடித்து விழுந்து கிடந்தான். விஞ்ஞானி ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார். நான் முக்காடு விலகியதுகூடத் தெரியாமல் முழங்காலிட்டு எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானி அந்தத் தகரத் தலையைக் கழற்றக் கை வைத்தார்.

அடுத்த நொடி நாயகனும் நாயகியும் மாலை போட்டுக்கொண்டு நின்றார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது. மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்கார அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, யாருனா எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார். அதுவரை அவரிடம் நான் எதையும் சொன்னதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிறந்ததிலிருந்து சினிமா பார்த்ததில்லை.

"ஒங்க ஊட்டுக்காரரு படத்துல எங்க வராரு?"

"தகரத்துக்குள்ளம்மா."

"தகரத்துக்குள்ளன்னா? மொகம் தெரியாதா?"

"தெரியும்னு சொல்லிட்டுதான் செத்தாரு. இப்ப இல்ல."

அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ரயிலேறி கோடம்பாக்கத்துக்குப் போனேன். ஸ்டூடியோ வாசலில் காவல்காரர் உள்ளே விடவில்லை. என் கணவரின் பெயரைச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை. "இரும்பு மனுசனா நடிச்சவரு" என்றதும், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லைட்காரர் நின்றார். தலை நரைத்த மனிதர். என்னைப் புளியமரத்து நிழலுக்குக் கூட்டிவந்து உட்காரச் சொன்னார்.

"படம் ரொம்ப நீளமாப் போச்சும்மா. வெட்டச் சொல்லிட்டாங்க. அந்த எடம் சனங்களுக்குப் புரியாதுன்னுட்டாங்க."

"வெட்டுனது எங்க இருக்கும்?"

"அதெல்லாம் வெக்க மாட்டாங்கம்மா. வளையல் செய்யறவங்க வந்து மூட்டையா கட்டிக்கினு போவாங்க. உருக்கிடுவாங்க."

நான் அழவில்லை. என் கையில் வளையல் கூட இல்லை, அந்த முகம் எந்தப் பெண்ணின் கையில் போய்ச் சேர்ந்ததோ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். லைட்காரர் கிளம்பாமல் நின்றார்.

"அந்தக் காட்சிக்கு லைட்டு வெச்சதே நான்தாம்மா. தலைய கழட்டுனதும் வேர்வ ஊத்துது. தொடைக்கச் சொன்னாங்க. டைரக்டருதான் வாணாம், அப்படியே இருக்கட்டும்னாரு. கண்ண மூடித் தெறக்கணும், அவ்ளோதான். நல்லா பண்ணாரு."

அவரிடம் அது எப்படி இருந்தது, என் கணவர் கண்ணை எப்படித் திறந்தார், எந்தப் பக்கம் பார்த்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் கொட்டகைக்குப் போனது சபைக்குத் தெரிந்துவிட்டது. மறைக்காமல் காரணத்தைச் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளாத அவரும் தனியாக இருந்தவர்தான்.

"ஒருவாட்டி போயிட்டே. சரி. ஜெபம் பண்ணிக்கோ. இன்னொரு வாட்டி போவாதே" என்றார்.

"போவேம்மா. படம் இருக்கற வரிக்கும் போவேன்" என்றேன். இப்படி எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை நான். அவருக்கும் அது தெரியும். கொஞ்ச காலம் சர்ச்சில் பாடகர் குழுவில் சேராமல் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தினமும் முதல் ஆட்டத்துக்குப் போனேன். பார்க்கப் பார்க்க அந்தப் படம் எனக்கு நல்ல படமாகவும் தெரிந்தது, மோசமான படமாகவும் தெரிந்தது. ஒருநாள் அந்த நகரத்தைப் பார்த்துக் கண் கலங்கும். மறுநாள் அதே நகரம் அட்டைப் பெட்டியாகத் தெரியும். பெரிதாக எதையோ செய்யக் கிளம்பி, பாதி வழியில் பயந்து, சனங்களுக்குப் புரியாது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு திரும்பிவிட்டவர்களின் படம் அது. தைரியமாக எடுத்தது அந்த ஒரு முகம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் கணவரின் முகம் என்பதால் சொல்கிறேனோ என்னவோ. அந்தப் படத்தின் பிரதி இப்போது எங்கேயும் இல்லை என்கிறார்கள். சரிபார்த்துக்கொள்ள வழியில்லை.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாளன்று பெண்கள் பக்கத்தில் நானும் முறுக்கு விற்கிறவளும்தான் இருக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வீட்டுக்கார அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய நின்றிருந்தார்.

"நானும் வரேன். அவரு ஊர்ல இல்ல. வந்தப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

"ஒங்களுக்கு எதுக்கும்மா வம்பு?"

"நீ தினிக்கும் ஒண்டியா போயிக்கினு வரே. நட."

மணலில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். நகரம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டுகளின்போது குனிந்துகொண்டார். ரீல் மாற்ற விளக்குப் போட்ட போதெல்லாம் துப்பட்டியை இழுத்து மூடிக்கொள்வார், அணைத்ததும் விலக்குவார். இரும்பு மனிதன் கதாநாயகியின் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மலைமேல் ஏறுகிற காட்சி வந்தது. ஆண்கள் பக்கத்தில் யாரோ இயந்திரம் மாதிரிப் பேசிக் காட்டினார்கள். சிரித்தார்கள். வீட்டுக்கார அம்மா என் காதோரம் குனிந்தார்.

"பாவம், உள்ள எம்மாம் வேர்த்திருக்கும் அவுருக்கு. தண்ணி குடுத்தாங்களா?"

அவ்வளவு நாளில் அந்தக் கொட்டகையில் என் கணவரை ஒரு ஆளாகப் பார்த்த இன்னொருவர் இந்த அம்மாதான். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் வராமல் இருக்கச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. துப்பட்டியின் ஒரு பக்கத்தை எடுத்து என் மேலும் போட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் விழுந்து கிடந்த காட்சியில் முணுமுணுவென்று ஏதோ ஓதினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்டேஷன் பக்கம் போனேன். படப்பெட்டிகளை மாட்டுவண்டியிலிருந்து இறக்கி பிளாட்பாரத்தில் அடுக்கியிருந்தார்கள். அடுத்தது சூளூர்ப்பேட்டை என்றார் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆள். வடக்கே போகிற பாசஞ்சர் வந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். அவற்றில் எதில் அவர் நடக்கிறார், எதில் எரிகிறார் என்று தெரியவில்லை. ரயில் நகர்ந்தது. சிக்னல் தாண்டிப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று வேகமாக நடந்தேன்.